தாய்ப்பாலும் உழைக்கும் தாயும்: பெங்களூரு காட்டும் பாடம்

நாட்டின் உணவு உற்பத்திக் கணக்கில் நெல், கோதுமை, பருப்பு, பசும்பால், முட்டை ஆகிய அனைத்தும் இடம்பெறுகின்றன. இக்கணக்கில் இடம்பெறாத உணவு ஒன்று உண்டு. பிறந்த குழந்தையின் முதல் 6 மாத வாழ்வு முழுவதையும் தாங்கும் தாய்ப்பாலே அது. நன்கு பாலூட்டும் தாய் ஒருத்தி நாளொன்றுக்குச் சுமார் 750 மில்லிலிட்டர் பால் தருகிறாள். இப்பால் சந்தைக்கு வருவதில்லை. இதற்கு விலையும் இல்லை. எனவே இது செலவின்றிக் கிடைக்கும் உணவு என்ற எண்ணம் பரவலாக நிலவுகிறது.

இவ்வெண்ணம் சரியன்று. பாலூட்டும் தாய்க்கு முதல் 6 மாதங்களில் நாள்தோறும் 600 கலோரியும், அடுத்த 6 மாதங்களில் 520 கலோரியும் கூடுதலாகத் தேவை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. இதைவிடப் பெரிய செலவு தாயின் நேரம். இளங்குழந்தை நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒரு முறைக்கு 20 நிமிடம் எனக் கொண்டு, மிகக் குறைந்த அளவாக 8 முறை என வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு 2 மணி 40 நிமிடம் ஆகிறது. வீட்டில் இருக்கும் தாய் இந்நேரத்தைத் தன் ஓய்விலிருந்து தருகிறாள். தொழிற்சாலைக்குச் செல்லும் தாய் இதை எங்கிருந்து தருவாள்? ஆயத்த ஆடைத் தொழிலில் பல லட்சம் தொழிலாளர்களைக் கொண்டதும், அவர்களுள் பெரும்பாலோர் பெண்களாக இருப்பதுமான பெங்களூரு நகரம் இவ்வினாவை ஆராய ஏற்ற இடமாகும்.

முதல் மணி நேரம்

குழந்தை பிறந்த 1 மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தொடங்கப்பட வேண்டும். முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர் உட்பட வேறெதுவும் தரலாகாது. 6 மாதம் நிறைந்ததும் இணை உணவைத் தொடங்கி, 2 வயது வரையும் அதற்கு அப்பாலும் தாய்ப்பாலைத் தொடர வேண்டும். உலகச் சுகாதார நிறுவனமும் நம் நாட்டுச் சுகாதாரத் துறையும் ஏற்றுக்கொண்டுள்ள நெறி இதுவே.

நெறிக்கும் நடைமுறைக்கும் இடையிலுள்ள தொலைவைத் தேசியக் குடும்பநல ஆய்வு அளந்து காட்டுகிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது ஆய்வின்படி, நாட்டின் பிரசவங்களில் 88.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. ஆனால் பிறந்த 1 மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 விழுக்காட்டினரே. 2015-16ஆம் ஆண்டு ஆய்வில் இது 41.6 விழுக்காடாக இருந்தது. அதாவது, பிரசவம் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு வந்துவிட்டது. முதற்பால் அதனுடன் வரவில்லை. கர்நாடகத்தில் மருத்துவ நிலையப் பிரசவம் 97 விழுக்காட்டை எட்டியுள்ளது. அறுவைப் பிரசவம் 31.5 விழுக்காடு. அறுவை முடிந்த தாய் எழுந்து அமர இயலாத நிலையில், குழந்தையை அவளது மார்பருகே கொணர்ந்து பிடித்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். அவ்வொருவர் இல்லாத இடத்தில் முதல் மணி வீணாகிறது.

முதல் மூன்று நாட்களில் சுரக்கும் சீம்பால் அளவில் சிறிது, நிறத்தில் மஞ்சள். இதைக் கண்டு பால் போதவில்லை எனக் குடும்பத்தினர் அஞ்சுவது இயல்பு. பிறந்த நாளன்று குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்கு 5 முதல் 7 மில்லிலிட்டர் வரையே கொள்ளும் என்பதை அவர்களுக்கு எடுத்துக்கூறினால் அச்சம் நீங்கும். நோய் எதிர்ப்புப் பொருள்கள் சீம்பாலில் மிகுந்துள்ளன. தமிழ்க் குடும்பங்களில் சேனை வைத்தல் என்ற பெயரில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாவில் தடவும் வழக்கம் உண்டு. அன்பின் வெளிப்பாடாயினும் இது தவிர்க்கப்பட வேண்டியது. குழந்தையின் முதற் பசியை இது மழுங்கச் செய்கிறது; கிருமிகளுக்கும் வழி திறக்கிறது.

பால் சுரக்கும் முறை

பால் சுரப்பது தேவையைப் பின்பற்றும் செயல். குழந்தை மார்பில் சப்பும்போது மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து இரண்டு இயக்குநீர்கள் வெளிப்படுகின்றன. புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது. ஆக்ஸிடோசின் உண்டான பாலை வெளியே தள்ளுகிறது. புரோலாக்டின் இரவில் மிகுதியாகச் சுரப்பதால் இரவில் பால் தருவது சுரப்பைக் காக்கிறது. வலி, கவலை, அவசரம் ஆகியவை ஆக்ஸிடோசினைத் தடுப்பதால், பால் இருந்தும் இறங்காமற் போகலாம்.

மார்பில் பால் தேங்கி நின்றால் சுரப்பு தானே குறையத் தொடங்கும். எடுக்க எடுக்க ஊறும், எடுக்காவிடில் வற்றும். மணற்கேணியைப் பற்றி நம் முன்னோர் அறிந்திருந்த இயல்பே இங்கும் செயற்படுகிறது. எனவே நாள்தோறும் 10 மணி நேரம் குழந்தையைப் பிரிந்திருக்கும் தாய்க்கு, அந்நேரத்தில் பாலை வெளியேற்ற வழியில்லையெனில், சில வாரங்களில் பால் குறைவது உடலியல் விதி. இதனை அவளது அக்கறைக் குறைவாகக் கருதுவது அறியாமையாகும்.

பால் போதுமா என்பதை அறியும் வழி எளிது. முதல் வாரத்திற்குப் பின் குழந்தை நாளொன்றுக்கு 6 முறையேனும் சிறுநீர் கழித்தால், எடையும் சீராக ஏறினால், பால் போதுமானது. பிறந்த சில நாட்களில் குழந்தையின் எடை சிறிது குறைவதும், 2 வாரங்களுக்குள் பிறந்த எடையை மீண்டும் எட்டுவதும் இயற்கை. மார்புக் காம்பில் புண், பால் கட்டுதல், குழந்தை வாய் சரியாகப் பற்றாமை ஆகியவையே முதல் வாரங்களின் பெரும் இடர்கள். இவற்றுள் பெரும்பாலானவை குழந்தையைப் பிடிக்கும் நிலையைத் திருத்தினாலே தீர்ந்துவிடும். மருந்து தேவைப்படுவது சிலவற்றுக்கே.

கற்பிப்போர் யார்?

பெங்களூருவின் தொழிலாளர் குடும்பங்களில் தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில் நிகழ்கிறது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாய்க்குச் செய்யும் பணிவிடையைக் கன்னடத்தில் பாணந்தன என்பர். எண்ணெய்க் குளியல், பத்திய உணவு, வெளிவேலையிலிருந்து ஓய்வு ஆகியவை அடங்கிய இம்மரபு, பாலூட்டலுக்கு வேண்டிய நேரத்தையும் அமைதியையும் தாய்க்கு அளிக்கிறது. மண்டியா, துமகூரு, கோலார், கிருஷ்ணகிரி ஆகிய பகுதிகளிலிருந்து நகருக்கு வந்த பெண் ஊர் திரும்பி, அன்னையின் துணையுடன் முதல் மாதங்களைக் கழிக்கிறாள். இது நன்மையே. ஆனால் நகரில் அவளைக் கண்காணித்துவந்த சுகாதாரப் பணியாளரின் தொடர்பு அப்போது அறுந்துபோகிறது.

மருத்துவமனையில் குழந்தை பெற்ற தாயை ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டில் சென்று காண வேண்டும் என்பது விதி. பின்னர் 3, 6, 9, 12, 15 ஆகிய மாதங்களிலும் காண வேண்டும். பாலூட்டல் தளரும் தறுவாய்களோடு இக்கால அட்டவணை நன்கு பொருந்துகிறது. 3ஆம் நாள் பால் ஊறும் நாள். 3ஆம் மாதம் தாய் வேலைக்குத் திரும்புவது பற்றி எண்ணும் காலம். 6ஆம் மாதம் இணை உணவின் தொடக்கம். தாய் ஓரூரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லும்போது அவளைப் பற்றிய பதிவும் உடன் செல்லுமாறு செய்வது நகரச் சுகாதார அலுவலர்களின் கடமை.

தந்தைக்கும் இதில் பங்குண்டு. இரவில் குழந்தையை எடுத்துத் தருதல், தண்ணீர் கொணர்தல், சமையல், மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ளுதல் ஆகிய ஒவ்வொன்றும் தாயின் நேரத்தை மீட்டுத்தரும் செயல்கள். மத்திய அரசுப் பணியிலுள்ள ஆணுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இதைச் சட்டம் வழங்கவில்லை.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் நிலை தனித்தது. சொந்தத் தாயின் பால் கிடைக்காத இக்குழந்தைகளுக்கு வேறொரு தாய் தானமாக அளித்த பால் உயிர்காக்கும். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிதா பெர்னாண்டஸ் அவர்களின் முயற்சியால் தொடங்கப்பட்டது. பெங்களூருவில் அரசு வாணி விலாஸ் மருத்துவமனையில் 2022இல் இத்தகைய வங்கி அமைந்தது. தானம் செய்வோரின் இரத்தம் சோதிக்கப்பட்ட பின், பால் 62.5 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டு உறைநிலையில் வைக்கப்படுகிறது. தாய்ப்பாலை வாணிகப் பொருளாக்கக் கூடாது என 2024 மே மாதத்தில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் எச்சரித்தது.

26 வாரங்களின் கணக்கு

பேறுகாலப் பாதுகாப்புச் சட்டத்தின் வரலாறு நம் நாட்டில் நீண்டது. 1919இல் கூடிய முதலாவது சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பாலூட்டும் தொழிலாளிக்கு வேலை நேரத்திற்குள் நாளொன்றுக்கு இரண்டு அரை மணி நேர இடைவேளைகள் தரவேண்டும் என உடன்படிக்கை வகுத்தது. பம்பாய் மாகாணம் 1929இல் பேறுகாலச் சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்கும் 1961இல் பேறுகாலப் பயன் சட்டம் வந்தது. 12 வாரமாக இருந்த ஊதியத்துடன் கூடிய விடுப்பு, 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 26 வாரமாக உயர்ந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன்னுள் இணைத்துக்கொண்டு, 26 வார விடுப்பைத் தொடர்கிறது.

26 வாரம் என்பது 182 நாள். 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற நெறியோடு இது ஏறத்தாழப் பொருந்துகிறது. ஆனால் இப்பொருத்தம் முழு விடுப்பையும் பேற்றுக்குப் பின் எடுப்பவருக்கே உரியது. பேற்றுக்கு முன் 8 வாரம் வரை எடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. நின்றோ குனிந்தோ வேலை செய்யும் பெண்ணுக்குக் கடைசி வாரங்களில் ஓய்வு கட்டாயமாகிறது. அவ்வாறு 8 வாரம் எடுத்தவருக்குப் பின்னர் எஞ்சுவது 18 வாரம், அதாவது 126 நாள். குழந்தைக்கு 4 மாதம் கடந்த சில நாட்களில் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். இரண்டு குழந்தைகள் உள்ள தாய் அடுத்த குழந்தையைப் பெற்றால் அவளுக்கு உரியது 12 வாரம் மட்டுமே.

இக்கணக்கின் விளைவைக் குடும்பநல ஆய்வின் சராசரிகளில் காணலாம். 6 மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் மட்டும் பெறுவோர் 2015-16இல் 54.9 விழுக்காடு, 2019-21இல் 63.7 விழுக்காடு. இம்முன்னேற்றம் பாராட்டத்தக்கது. எனினும் இது பிறந்த நாள் முதல் 6ஆம் மாதம் வரையிலான எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துக் கணித்த சராசரி என்பதை மாணவர் நினைவிற்கொள்ள வேண்டும். வயது ஏற ஏற இவ்விகிதம் குறைந்துகொண்டே செல்கிறது.

தையல் ஆலையில் ஒரு நாள்

பீன்யா, பொம்மனஹள்ளி, மைசூரு சாலை ஆகிய பகுதிகளிலுள்ள ஆடை ஆலைகளில் வேலை பெரும்பாலும் காலை 9 மணியளவில் தொடங்கி மாலை 5.30 மணியளவில் முடிகிறது. பயண நேரத்தையும் சேர்த்தால் தாய் வீட்டைவிட்டு நீங்கியிருப்பது சுமார் 10 மணி நேரம். 5 மாதக் குழந்தை இந்நேரத்தில் மூன்று அல்லது நான்கு முறை பால் குடிக்கும்.

இப்போது சட்டம் தருவதைக் காண்போம். 50 பணியாளர் கொண்ட நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருத்தல் வேண்டும். தாய் ஓய்வு இடைவேளை உட்பட நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் செல்லலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, ஓய்வு நேரத்திற்கு மேலாக இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் அவளுக்கு உரியவை. காலையில் வீட்டில் ஒரு முறை, முற்பகல் இடைவேளையில் ஒரு முறை, உணவு வேளையில் ஒரு முறை, பிற்பகல் இடைவேளையில் ஒரு முறை, மாலையிலும் இரவிலும் தேவைப்படும்போதெல்லாம் எனத் தாய் பாலூட்டினால், குழந்தைக்கு வேண்டியது முழுமையாகக் கிடைத்துவிடும். சட்டத்தின் கணக்கும் உடலியலின் கணக்கும் இங்கு ஒத்துப்போகின்றன.

நடைமுறையில் இக்கணக்கு மூன்று இடங்களில் தடுமாறுகிறது. முதலாவது, இடைவேளையின் அளவு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுத்த விதிகள் ஓர் இடைவேளைக்கு 15 நிமிடமே அளித்தன. காப்பகத்திற்குச் சென்று வரும் நேரத்தைத் தனியே தந்தாலன்றி, இதில் குழந்தைக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. 1919ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறியது இதைப்போல் இரு மடங்கு.

இரண்டாவது, உற்பத்தி முறை. ஆடை ஆலையில் ஒரு சட்டை பலர் கை மாறி உருவாகிறது. ஒருத்தி காலர் தைக்க, அடுத்தவள் கை பொருத்துகிறாள். மணிக்கு இத்தனை உருப்படி என இலக்கு வைக்கப்படுகிறது. ஒருத்தி எழுந்து சென்றால் அவளிடத்தில் துணி குவிகிறது. அவளுக்குப் பின்னுள்ளோர் காத்திருக்கின்றனர். உரிமை சட்டத்தில் இருந்தும், மேற்பார்வையாளரின் கண்ணும் தோழியரின் தவிப்பும் அவளை இருக்கையிலேயே இருத்திவிடுகின்றன. இதற்குத் தீர்வு அறிவுரையில் இல்லை. வரிசைக்கு ஒரு மாற்றுத் தொழிலாளியை அமர்த்துவதும், இடைவேளை நேரத்தைக் கழித்து இலக்கைக் கணக்கிடுவதுமே தீர்வு.

மூன்றாவது, பயணம். 2023 ஜூன் 11 முதல் கர்நாடக அரசின் சக்தித் திட்டத்தில் பெண்கள் அரசுப் பேருந்தில் கட்டணமின்றிச் செல்கின்றனர். ஆயினும் காலை நெரிசலில் 5 மாதக் குழந்தையுடன் பேருந்தில் ஏறுவது எளிதன்று. எனவே காப்பகம் இருந்தும் சிலர் குழந்தையைக் கொணர்வதில்லை. ஊரில் பாட்டியிடம் விட்டுவருவோரும் உண்டு. அவ்வாறு விட்ட நாளே தாய்ப்பாலின் கடைசி நாளாகிவிடுகிறது.

குழந்தையைக் கொணர இயலாத தாய், பாலைக் கையால் கறந்து வைக்கலாம். கைகளைச் சோப்பினால் கழுவி, கொதிநீரில் இட்டு எடுத்த மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் சேகரிக்க வேண்டும். 25 பாகை செல்சியஸுக்கு மேற்படாத அறையில் இப்பால் சுமார் 4 மணி நேரம் கெடாது. குளிர்ப்பெட்டியில் மேலும் நீண்ட நேரம் இருக்கும். குழந்தைக்குப் பாலாடையினால் அல்லது சிறு கிண்ணத்தினால் புகட்டுவது நன்று. ஆலையில் இதற்கு வேண்டியவை தாழ்ப்பாள் உள்ள சிற்றறை, கைகழுவத் தண்ணீர், ஒரு குளிர்ப்பெட்டி ஆகிய மூன்றே.

காப்பகத்தின் செலவு யாருடையது?

இங்கு ஒரு பொருளாதார நுட்பம் கவனத்திற்குரியது. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத தொழிலாளர் தொழிலாளர் அரசுக் காப்புறுதித் திட்டத்தில் அடங்குவர். ஊதியத்தில் நிர்வாகம் 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்துகின்றனர். ஆடைத் தொழிலாளியின் 26 வாரப் பேறுகாலப் பயன் இந்நிதியிலிருந்தே வழங்கப்படுகிறது. பெண்களை மிகுதியாக அமர்த்தும் ஆலையும் குறைவாக அமர்த்தும் ஆலையும் ஒரே விகிதத்தில் செலுத்துவதால், பேறுகாலச் செலவு தனியொரு முதலாளியின் தலையில் விழுவதில்லை. சமூகம் முழுவதும் அதைப் பகிர்ந்துகொள்கிறது.

காப்பகத்தின் நிலை இதற்கு மாறானது. அதன் முழுச் செலவும் அந்தந்த நிறுவனத்தைச் சார்ந்தது. சிசுவைப் பேணப் பயிற்சி பெற்ற ஆயாக்கள் வேண்டும். 3 வயதுக் குழந்தைகளைவிடச் சிசுக்களுக்கு அதிக ஆட்கள் தேவை. எனவே சிசுக்களைச் சேர்க்காமல் பெரிய குழந்தைகளை மட்டும் சேர்க்கும் நாட்டம் எழுகிறது. 50 என்ற எல்லைக்குக் கீழே உள்ள சிறு பட்டறைகளுக்கோ கடமையே இல்லை. விடுப்புக்குக் காப்புறுதி உண்டு; விடுப்பு முடிந்த பிந்தைய 18 மாதங்களுக்குக் காப்புறுதி இல்லை. பாலூட்டும் கொள்கையிலுள்ள அடிப்படை இடைவெளி இதுவே.

இவ்விடைவெளியை நிரப்பச் சட்டத்திலேயே வாயில் உள்ளது. மத்திய அரசு, மாநில அரசு, நகராட்சி, தனியார், தொண்டு நிறுவனம் ஆகியோர் நடத்தும் பொதுக் காப்பகத்தை நிறுவனங்கள் பயன்படுத்தலாம் எனவும், பல நிறுவனங்கள் கூடிப் பொதுக் காப்பகம் அமைக்கலாம் எனவும் 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் கூறுகிறது. பீன்யா போன்று ஆலைகள் நெருங்கியமைந்த தொழிற்பேட்டையில் இவ்வழி பெரிதும் ஏற்றது. ஆனால் தாய் 15 நிமிட இடைவேளையில் நடந்து சென்று திரும்பும் தொலைவில் காப்பகம் அமையாவிடில், அது குழந்தைக்குக் காவலாகுமேயன்றித் தாய்ப்பாலுக்குத் துணையாகாது.

தொழிற்சாலைக்கு வெளியே உள்ளோரின் நிலை இதனினும் கடினம். கட்டடத் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர், தெருவில் விற்பவர் ஆகியோருக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பே இல்லை. பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் அளிக்கிறது. கர்நாடகத்தின் மாத்ருபூர்ணா திட்டம் 2017 அக்டோபர் முதல் கருவுற்றோருக்கும் பாலூட்டுவோருக்கும் அங்கன்வாடியில் நாள்தோறும் சூடான முழு உணவு வழங்குகிறது. கட்டட வேலைத்தளத்திலேயே காப்பகம் நடத்த இயலும் என்பதை 1969இல் தில்லியில் மீரா மகாதேவன் தொடங்கிய நடமாடும் காப்பக இயக்கம் மெய்ப்பித்தது. கர்நாடகத்தின் கிராமப் பஞ்சாயத்துகளில் 2023-24ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தின் வழியே கூசின மனெ என்னும் குழந்தைகள் இல்லங்கள் வந்தன. நகரத் தொழிலாளிக்கும் இத்தகைய ஏற்பாடு வேண்டும்.

புட்டிப்பாலும் சட்டமும்

தாய் இல்லாத நேரத்தை நிரப்ப முதலில் வருவது பால்புட்டி. மாவுப்பாலைக் கரைக்கத் தூய நீரும், புட்டியைக் கொதிக்க வைக்க எரிபொருளும் வேண்டும். 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, தண்ணீர் லாரிக்காகப் பெங்களூருவின் பல பகுதிகள் காத்திருந்தன. அத்தகைய நாட்களில் ஒற்றையறை வீட்டில் புட்டியைத் தூய்மையாக வைப்பது எவ்வளவு அரிது என்பதை விளக்க வேண்டியதில்லை. பணத்தை மிச்சப்படுத்த மாவை நீர்த்துக் கரைப்பதும் நிகழ்கிறது. வயிற்றுப்போக்கும் எடைக் குறைவும் இதன் பயன்கள்.

1981 மே மாதத்தில் உலகச் சுகாதார மன்றம் தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனை பற்றிய நெறித்தொகுப்பை 118 நாடுகளின் ஆதரவுடன் ஏற்றது. எதிர்த்த நாடு ஒன்றே. இந்தியா 1983இல் தேசிய நெறித்தொகுப்பையும், 1992இல் அதைச் சட்டமாகவும் இயற்றியது. 2003இல் அது மேலும் வலுவாக்கப்பட்டது. 2 வயதுக்குட்பட்டோருக்கான மாவுப்பால், பால்புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றை விளம்பரம் செய்வதும், இலவச மாதிரி தருவதும், மருத்துவப் பணியாளருக்கு ஊக்கத்தொகையோ பரிசோ அளிப்பதும் குற்றம். இச்சட்டம் மாவுப்பாலைத் தடைசெய்யவில்லை. மருத்துவக் காரணத்தால் தேவைப்படும் குழந்தைக்கு அது கிடைக்கும். அத்தகைய தாயைக் குறைகூறாமல், பாதுகாப்பாகப் புகட்டும் முறையைக் கற்பிப்பதே பணியாளரின் கடன்.

2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம், பெங்களூரு மருத்துவமனையொன்றிலிருந்து களவாடப்பட்ட குழந்தை பற்றிய வழக்கில், பாலூட்டுதல் தாயின் பிரிக்கவொண்ணா உரிமை என்றும், தாய்ப்பால் பெறுதல் குழந்தையின் உரிமை என்றும், இரண்டும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்றும் கூறியது. இதுவரை அறிவுரையாகக் கருதப்பட்டது உரிமையாக அறிவிக்கப்பட்டது.

இணை உணவு: கேழ்வரகின் சிறப்பு

6 மாதத்திற்குப் பின் தாய்ப்பால் மட்டும் போதாது. இணை உணவின் வழியாக 6 முதல் 8 மாதம் வரை நாளொன்றுக்கு 200 கலோரியும், 9 முதல் 11 மாதம் வரை 300 கலோரியும், 2ஆம் ஆண்டில் 550 கலோரியும் தேவைப்படுகின்றன. முதலில் நாளுக்கு 2 அல்லது 3 வேளை எனத் தொடங்கி, 9 மாதத்திற்குப் பின் 3 அல்லது 4 வேளையாக உயர்த்த வேண்டும். நம் நாட்டின் பெரும் குறைபாடு இங்குதான் உள்ளது. 2019-21ஆம் ஆண்டு ஆய்வில், 6 முதல் 23 மாதக் குழந்தைகளுள் போதிய உணவு பெற்றோர் 11.3 விழுக்காட்டினரே.

கர்நாடகத் தாய்மார் வழிவழியாகச் செய்துவரும் ராகி சரி சிறந்த இணை உணவாகும். கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்து, நிழலில் உலர்த்தி, இளவறுப்பாக வறுத்து, அரைத்துச் சலித்த மாவே இது. இதிலுள்ள அறிவியல் எளியது. சாதாரண மாவைக் கஞ்சியாகக் காய்ச்சினால் கெட்டியாகிறது. நீர் சேர்த்து இளக்கினால் சத்துக் குறைகிறது. குழந்தையின் சிறு வயிறு நீரால் நிரம்பிவிடுகிறது. முளைவிட்ட தானியத்தில் உண்டாகும் அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், கூடுதல் மாவு சேர்த்தும் கஞ்சி இளக்கமாகவே இருக்கும். முளைவிடுதல் பைட்டேட்டைக் குறைத்து இரும்புச்சத்து உட்கொள்ளப்படவும் உதவுகிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு.

எனினும் கேழ்வரகு மட்டும் முழு உணவாகாது. மசித்த பருப்பு, கீரை, முட்டை, பழம், ஒரு கரண்டி எண்ணெய் அல்லது நெய் ஆகியவை படிப்படியாகச் சேர வேண்டும். காப்பகத்தில் விடப்படும் குழந்தைக்கு இவ்வுணவைக் காலையில் வீட்டிலிருந்து கட்டிக்கொடுப்பதைவிட, காப்பகத்திலேயே புதிதாகச் சமைத்துத் தருவது தூய்மைக்கும் தாயின் நேரத்திற்கும் நல்லது.

பால் மறக்கச் செய்தல்

6 முதல் 12 மாதம் வரை குழந்தையின் ஆற்றல் தேவையில் பாதியையும், 2ஆம் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கையும் தாய்ப்பால் தர வல்லது. எனவே இணை உணவு தாய்ப்பாலுக்குத் துணையாக வருவது. அதை விலக்க வருவதன்று. வேலைக்குச் செல்லும் தாய் பகலில் இயலாவிடினும் காலையிலும் இரவிலும் பாலூட்டலைத் தொடரலாம்.

நிறுத்தும் காலம் வரும்போது படிப்படியாக நிறுத்த வேண்டும். சில நாட்களுக்கு ஒரு வேளை வீதம் குறைத்து, குழந்தை மிகவும் விரும்பும் இரவு வேளையை இறுதியில் விடுவது நன்று. மார்பில் வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் மறக்கடிக்கும் வழக்கம் குழந்தைக்கு அதிர்ச்சியையும் தாய்க்குப் பால்கட்டையும் தரும். குழந்தை நோயுற்றிருக்கும்போது நிறுத்தலாகாது.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து அலுவலர் கவனத்திற்குரியவையாகப் பின்வருவன அமைகின்றன:

1. பாலூட்டும் இடைவேளையின் அளவை வகுக்கும்போது, காப்பகத்திற்குச் சென்று வரும் நேரத்தைத் தனியே சேர்த்தல்.

2. இடைவேளை எடுக்கும் தொழிலாளியின் உற்பத்தி இலக்கை அதற்கேற்பக் குறைக்கச் செய்தல்.

3. தொழிற்பேட்டைகளில் நடந்து செல்லும் தொலைவில், சிசுக்களையும் சேர்க்கும் பொதுக் காப்பகங்களை அமைத்தல். அவற்றின் செலவைக் காப்புறுதி நிதி போன்று அனைவரும் பகிரும் முறையை ஆராய்தல்.

4. காப்பகம் உள்ளதா என்பதோடு நில்லாமல், 1 வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் அதில் உள்ளனர் என்பதையும் ஆய்வாளர் பதிவு செய்தல்.

5. மருத்துவமனைகளில் அறுவைப் பிரசவத் தாய்மாருக்கு முதல் மணியில் துணைநிற்கப் பணியாளரைக் குறித்து நியமித்தல்.

இவற்றுள் நான்காவது மிக எளியது, செலவில்லாதது. காப்பகத்தின் வாயிலில் பெயர்ப்பலகை இருப்பதைக் கொண்டு சட்டம் நிறைவேறியதாகக் கருதும் பழக்கம் அதனால் மாறும். தொட்டிலில் சிசு இருக்கிறதா, முற்பகல் இடைவேளையில் தாய் அங்கு வருகிறாளா என்ற இரண்டு வினாக்களுக்கும் விடை கிடைக்கும். தாய்ப்பாலின் சிறப்பைச் சுவரொட்டிகளும் வானொலியும் தாய்மாருக்குப் போதுமான அளவு எடுத்துரைத்துவிட்டன. பீன்யாவின் தையல் வரிசையில் அமர்ந்திருக்கும் பெண்ணும் அதை அறிவாள். அவளுக்குத் தேவைப்படுவது முற்பகலில் அரை மணியும், பிற்பகலில் அரை மணியும், அருகில் ஒரு தொட்டிலும் ஆகும். இவற்றை அளிப்பது சமூகத்தின் பொறுப்பு.